வளையலுக்குத் துணி சுற்றிய வருஷம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்து மலச்சிக்கலில் முடிகிறது. எனக்கு இரண்டிலும் குறைவில்லை. இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். இந்த முழங்கால்கள் ஒரு காலத்தில் ஓடியவை என்று சொன்னால் என் மருமகள் மரியாதைக்குத் தலையாட்டுகிறாள், நம்புவதில்லை. நீங்களாவது நம்புவீர்கள். பாளையங்கோட்டையில் பாவாடை தடுக்கத் தடுக்கக் கூடைப்பந்து ஆடிய பெண்கள் இருந்தார்கள். நான் அவர்களில் ஒருத்தி.

புது ராஜாவுக்கு முடிசூட்டியதென்று பள்ளிக்கூடங்களில் ஆளுக்கொரு மிட்டாய் தந்தார்களே, அதற்கு மறுவருஷம். எனக்குப் பதிமூன்று வயது. என் அத்தைக்குப் பதினாலு. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே தூக்குவாளிச் சோறு. ஒரு வயதுதான் மூப்பு என்றாலும் முறை முறைதானே. முகத்துக்கு நேரே "நீங்க, வாங்க" என்றுதான் பேசவேண்டும். அவள் என்னை "ஏட்டி" என்பாள். இப்போது எழுதும்போது துணிந்து "அவள்" என்று போட்டுக்கொள்கிறேன். திட்டுவதற்கு அவள் இல்லை.

பந்தாட்டத்தைக் கொண்டுவந்தது எங்கள் பள்ளித் துரைசானி. அமெரிக்காக்காரி. வேதப்புத்தகத்தைப் படித்துத் தமிழ் கற்றவள், அதனால் அவள் பேசினாலே பிரசங்கம் மாதிரி இருக்கும். ஆட்டத்தின் விதிகளெல்லாம் அவளிடம் ஒரு சின்னப் புத்தகத்தில் இருந்தன. அதில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சப் பாதியை வைத்துத்தான் ஆடினோம். யார் எதுவரை போகலாம், யார் கூடையில் போடலாம் என்பதெல்லாம் கறையான் வயிற்றில் போயிருக்க வேண்டும். ஆகவே எங்கள் ஆட்டத்தில் யாரும் எங்கேயும் போகலாம், யாரும் போடலாம்.

இரண்டு பனந்தூண் நட்டு, உச்சியில் தூணுக்கொரு கடகப்பெட்டியைக் கட்டினார்கள். நெல் அள்ளுகிற அதே ஓலைப்பெட்டிதான். அடியை வெட்ட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. பந்து உள்ளே விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, மூங்கில் கழியால் குத்தி வெளியே தள்ளவேண்டும். வண்டிப்பட்டை அடிக்கிற ஆசாரி இரும்பு வளையம் செய்து தரும்வரை அப்படித்தான் நடந்தது. பந்து பட்டணத்திலிருந்து பார்சலில் வந்த தோல் பந்து. வயிற்றில் வார் கோத்து முடிந்திருக்கும். அந்த முடிச்சு விரலில் பட்டால் நகம் பெயரும். ஒரு மழையில் நனைந்தால் பலாப்பழக் கனம் கனக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா எங்களைப் புறவாசலிலேயே நிறுத்திவிடுவாள். தோலைத் தொட்ட கை. கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டால்தான் உள்ளே விடுவாள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியும், அதற்குப் பிறகும் விரல் இடுக்கில் விடாமல் நின்ற தோல் வாசனையும் இன்னும் எனக்குப் பிடிக்கும்.

கட்சிக்கு ஆறு பேர். எங்கள் ஆறு பேரில் அத்தை முன்னால் ஆடுகிறவள். எதிராளி கூடைக்குக் கீழே, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தை எதிர்பார்த்து நிற்பாள். நான் காவல். எங்கள் கூடையைக் காக்கவேண்டியது என் வேலை. ஓட்டம் வரும், பிடி வரும், பந்து போட மட்டும் வராது. எத்தனை தடவை எறிந்தாலும் பந்து வலப்பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போகும்.

துரைசானி அதற்காக மெனக்கெட்டாள். "மகளே, உன் இரு கரங்களும் ஒருங்கே உயரக்கடவது" என்பாள். கழியால் மண்ணில் கோடு கிழித்து, இங்கே ஒரு கால் அங்கே ஒரு கால் என்று நிறுத்துவாள். தினம் நூறு தடவை எறியச் சொன்னாள். நூறும் வலப்பக்கம் போனது. அவளிடம் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. அதில் என் பெயருக்கு நேரே ஏதோ எழுதிக்கொண்டாள்.

ஒருநாள் அத்தை தூணில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடையைப் பார்த்து எறிந்தேன். பந்து பறந்தது, போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அத்தை சிரித்தாள்.

"ஏட்டி, பந்து கையை விட்டுப் போறதுக்கு முந்தியே உன் இடது கை தாவணியப் பிடிக்கப் போகுது. ஒத்தக் கையாலலா எறியுத."

உண்மைதான். அந்த வருஷம்தான் எனக்குத் தாவணி போட்டிருந்தார்கள். கையைத் தூக்கினால் நழுவுகிறது, நழுவினால் கை தானாகப் போகிறது. துரைசானிக்கு அது எப்படித் தெரியும்? அவள் கவுன் போட்டவள்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டத்துக்கு முன்னால் அத்தை ஊசி நூல் கொண்டுவந்தாள். தாவணியை ரவிக்கைத் தோளோடு சேர்த்து நாலு தையல் போட்டாள். ஆட்டம் முடிந்ததும் பல்லால் கடித்து நூலை அறுத்தாள். அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. இரண்டு கையும் ஒன்றாக உயர்ந்து, விரல் நுனியில் பந்து புரண்டு போவது என்ன சுகமென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்தில் ஆறு உள்ளே விழுந்தது. துரைசானி தன் கோடுகளுக்குக் கிடைத்த வெற்றி என்று கர்த்தரைத் துதித்தாள். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

போடத் தெரிந்தவளைச் சும்மா காவலுக்கு நிறுத்துவானேன்? நான் என் இடத்தைவிட்டு நழுவ ஆரம்பித்தேன். நம் வீடுகளில் நாம் வளர்ந்த விதம் ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் நின்றால் முன்னால் குறுக்கே போகக்கூடாது, பின்னால் சுற்றித்தான் போகவேண்டும். காலுக்கு அது பழகிப்போயிருந்தது. எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஓரக்கோட்டை ஒட்டி, எல்லோர் முதுகுக்கும் பின்னால் பைய நடப்பேன். பாதிக்குமேல் ஓட்டம். அத்தையின் முதுகுக்குப் பின்னால், கூடைக்கு வலப்பக்க மூலையில் போய் நிற்பேன். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

அத்தைக்கு மட்டும் தெரியவேண்டுமே. கூப்பிட்டால் எதிராளி திரும்பிவிடுவாள். அதற்கும் எங்களிடம் ஒரு வழி இருந்தது. அப்பா முன்கட்டில் வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தால் அம்மா வாய் திறந்து கூப்பிடமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று வளையலைக் குலுக்குவாள். ஒரு குலுக்கல் என்றால் ஒரு நிமிஷம் உள்ளே வாங்க. இரண்டு குலுக்கல் என்றால் இலை போட்டாயிற்று. அப்பா பேச்சை நிறுத்தாமலே எழுந்து வருவார். நான் மூலையில் நின்று இரண்டு குலுக்கல் குலுக்குவேன். பன்னிரண்டு பெண்கள் ஓடும் இடத்தில் வளையல் சத்தத்துக்கா பஞ்சம்? அந்த இரண்டு குலுக்கல் அத்தை காதுக்கு மட்டும் தனியாகக் கேட்கும். திரும்பாமலே தோளுக்கு மேலாகப் பந்தைப் பின்னால் வீசுவாள். என் நெஞ்சுக்கு நேரே வந்து சேரும். நான் போடுவேன். பந்து வளையத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் அத்தை கையைத் தட்டுவாள்.

துரைசானி அத்தையைப் பார்த்து, "உனக்கு முதுகிலும் கண்கள் அருளப்பட்டிருக்கின்றன" என்றாள். என்னைப் பார்த்து, "நீயோ உன் காவலை விட்டு அலைகிறாய்" என்றாள். நோட்டில் இன்னொரு வரி ஏறியது. என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒழுங்கற்றவள் என்று அர்த்தமாம், வக்கீல் மகள் சொன்னாள். வக்கீல் மகள் எதிர்க்கட்சியில் ஆடுகிறவள், இங்கிலீஷும் நன்றாக வரும், என் இடத்தின்மேல் ஒரு கண்ணும் உண்டு.

அந்த ஆவணியில் இரண்டு சேதி வந்தது. அத்தைக்குக் களக்காட்டில் மாப்பிள்ளை முடிவாகி, தையில் கல்யாணம் என்றார்கள். கல்யாணமானால் பள்ளிக்கூடம் கிடையாது. களக்காடு ஒன்றும் காசி இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்ணை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பெரிது. இன்னொரு சேதி, புன்னக்காயல் கன்னியர் மடத்துப் பள்ளிப் பெண்கள் எங்களை ஆட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். புரட்டாசிக் கடைசியில் ஆறே ஆறு பேர் வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டும். வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் தங்கல். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நம் ஆறு போய்ச் சேருகிற இடத்தை இரண்டு பேருமாக நின்று பார்க்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். அப்பா வியக்கத்தக்க விதமாகச் சம்மதித்தார்.

"போய்ட்டு வரட்டும். களக்காட்டுக்காரங்க காதுல மட்டும் விழக்கூடாது" என்றார் அம்மாவிடம்.

நான் இன்றைக்கும் சொல்கிறேன், எனக்கு அப்போது கல்யாணம், படிப்பு எதுவும் பெரிதில்லை. அத்தையோடு அந்த வண்டியில் ஏறவேண்டும். அவள் போய்விடுவதற்கு முன்னால் அந்த ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு தள்ளுமுள்ளில் என் வளையல் உடைந்து வக்கீல் மகளின் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்த துரைசானி, நாளை முதல் ஒருத்தி கையிலும் கண்ணாடி வளையல் இருக்கக்கூடாது என்றுவிட்டாள். ஊரே கொதித்தது. கன்னிப்பெண்ணை வெறுங்கையாக்குவதா? அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. கோட்டும் தலைப்பாகையுமாகப் பள்ளிக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றார்.

"அம்மா, கை கிழியவும் கூடாது, வெறுங்கையா நிக்கவும் கூடாது. நாலு பேரு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிருவான். வளையல் கையிலயே கிடக்கட்டும், மேல துணியச் சுத்திருவோம். என்ன சொல்லுதிய?"

துரைசானி யோசித்துப் பார்த்து, "உம்முடைய நியாயம் செவ்வையானது" என்றாள். இரண்டு பேரும் பரம சந்தோஷமாகப் பிரிந்தார்கள். அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து எங்கள் முன்கையில் கட்டுப்போட்டாள். அப்பா அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு மாதம் பெருமையடித்துக்கொண்டார். நான் ஊமையாகிப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் மூலையில் நின்று கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். துணிக்குள்ளே கடமுடவென்று ஏதோ முனகியது. அத்தை பந்தை வைத்துக்கொண்டு விழித்தாள், பறிகொடுத்தாள். அடுத்த தடவை பொறுக்கமாட்டாமல், "அத்தை, இங்கன!" என்று கத்தினேன். மூன்று பேர் என்மேல் வந்து விழுந்தார்கள். அதற்கடுத்த தடவை "அத்தை, இங்கன!" என்று ஒரு குரல் கேட்டு அத்தை பந்தைப் பின்னால் வீச, பிடித்தவள் வக்கீல் மகள். கட்டுப்போட்ட கையோடு என்ன சிரிப்பு! அன்றிலிருந்து பள்ளிக்கூடம் பூராவுக்கும் அவள் அத்தை. எங்கேயோ கூப்பிட்டால் எங்கேயோ வீசினாள்.

துரைசானி தலையை ஆட்டினாள். கல்யாணப் பேச்சு வந்ததும் அத்தையின் புத்தி சிதறிவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் அவளை விட முடியாது, உயரமானவள். என்னை விடலாம். சனிக்கிழமை நடக்கிற கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆறு பேரைச் சொல்லுவதாகவும், நான் என் இடத்தில் நிற்காவிட்டால் என் இடத்துக்கு வக்கீல் மகள் வருவாள் என்றும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் அழுதேன். வீட்டில் அப்போது கார் அறுப்பு முடிந்து நெல் அளந்துகொண்டிருந்தார்கள். மரக்காலைத் தள்ளுகிறவர், "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று ராகம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் அளக்கும்போது ஒன்று என்று சொல்லுவதில்லையே, லாபம் என்றுதானே ஆரம்பிப்போம். அத்தை அப்படியே நின்று கேட்டாள்.

"ஏட்டி, எனக்கு நீ எங்க நிக்கேன்னு தெரியவே வேண்டாம். பந்து என் கைக்கு வந்ததும் மனசுக்குள்ள எண்ணுதேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு. நாலுன்னதும் பின்னால வீசிருவேன். நீ அங்கன இரு."

"நான் இல்லாட்டா, அத்தை?"

"நீ இருப்ப."

புறவாசலில் பழகினோம். பந்துக்குப் பதில் உரிக்காத தேங்காய். அத்தை சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நாலாவது எண்ணுக்குத் தேங்காயைத் தோளுக்கு மேல் வீசுவாள். நான் தொழுவத்திலிருந்து ஓடிவந்து பிடிக்கவேண்டும். முதல் நாள் ஒரு குடம் உடைந்தது. இரண்டாம் நாள் என் உதடு. மூன்றாம் நாள் அம்மா வந்து பார்த்தாள். கல்யாணப் பெண் சுவரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுத் தேங்காயைப் பின்னால் எறிவதைக் கண்டு, பேய்தான் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினாள். அன்றைக்கே அத்தைக்குத் திருநீறு மந்திரித்துப் போட்டார்கள். அத்தை பவ்யமாக நெற்றியைக் காட்டினாள்.

சனிக்கிழமை அத்தை கைக்குப் பந்து வந்தபோது நான் பாதி தூரத்தில் இருந்தேன். லாபம். வக்கீல் மகள் "அத்தை, இங்கன!" என்று கத்தினாள். ரெண்டு. அத்தை அசையவில்லை. மூணு. துரைசானி என் வெறும் இடத்தைக் காட்டி ஊதலை வாயில் வைத்தாள். நாலு. யாருமில்லாத மூலைக்குப் பந்து பறந்தது, நானும் பறந்தேன். மூலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம், பந்தும் நானும். இரண்டு கையும் சேர்ந்து உயர்ந்தன. விழுந்தது. அன்று ஐந்து தடவை அப்படி விழுந்தது. துரைசானி ஊதலை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு நோட்டைத் திறந்து பழைய வரியை அடித்தாள். எனக்கு அவளை அந்த நிமிஷத்தில் மிகவும் பிடித்தது. பெரியவர்கள் எழுதியதை அடிப்பது லேசில்லை என்று இப்போது தெரிகிறது.

வண்டிப் பயணத்தை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். ஆறு பேரும் வைக்கோல்மேல் கால் நீட்டி, புளியோதரையை நாலு வேளை தின்று, மாட்டின் மணிக்குச் சேர்ந்து பாடிக்கொண்டு போனோம். கடலைப் பார்த்தபோது அத்தை "இம்புட்டுத் தண்ணியையும் வச்சு என்னட்டி செய்யுதாங்க?" என்றாள். ஆறு கடலில் சேருமிடத்தில் கணுக்காலை நனைத்து நின்றோம். ஒரு காலுக்கு இனிப்புத் தண்ணீர், ஒரு காலுக்கு உப்பு என்று அவள் சாதித்தாள். நான் குனிந்து இரண்டையும் நக்கிப் பார்த்தேன். இரண்டும் உப்புதான்.

மடத்துப் பெண்கள் மணலில் ஓடிப் பழகியவர்கள். தோணி இழுக்கிற வீட்டுக் கைகள். அவர்கள் எறிந்த பந்தைப் பிடித்தால் தோள் கழன்றது. ஆனாலும் எங்கள் நாலு எண்ணிக்கை அவர்களுக்குப் புரியவில்லை. சரிக்குச் சரியாக வந்து, ஒரு கூடைதான் அவர்களுக்கு அதிகம். துரைசானி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அத்தை கைக்குப் பந்து வந்தது. நான் எண்ணிக்கொண்டே ஓடி மூணுக்கே மூலையில் நின்றேன். சுற்றிலும் ஒருத்தியும் இல்லை. நாலு.

பந்து வரவில்லை. அத்தை திரும்பினாள். முழுக்கத் திரும்பி, கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகுதான் வீசினாள். நான் கையைத் தூக்கியபோது மூன்று பேர் என்மேல். பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. ஊதல் ஊதிவிட்டது.

"கடைசி நேரத்தில் அவள் உள்ளம் கலங்கிற்று" என்றாள் துரைசானி. ஊருக்கு வந்தபின் அப்பாவும், "கல்யாணப் பொண்ணுலா, நெனப்பு எங்கயோ" என்றார். திரும்பி வரும் வண்டியில் நான் அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். சின்னவள் பெரியவளிடம் அப்படி உட்காரக்கூடாது, இருந்தாலும் உட்கார்ந்தேன். ஆத்தூர் தாண்டியதும் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் அத்தை திரும்புனிய? தோத்திருக்க மாட்டோம்லா."

அத்தை என் தோளில் இருந்த தையலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். நூலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"இந்த வருஷம் பூராவும் ஆட்டத்துல நீ கூடைல போட்டத நான் ஒருநா கூடப் பாக்கல, ஏட்டி. சத்தந்தான் கேட்டிருக்கேன். தைக்குப் பொறவு அதுவும் கேக்காது. ஒருதடவ பாத்துக்கிடணும்னு தோணிச்சு."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அது விழலையே அத்தை" என்றேன்.

"விழாட்டா என்ன? பாத்துட்டேன்லா" என்றாள்.